வாயில்லா ஜீவனுக்கும் ஒரு மகமை

நாய்க் காப்பகங்களுக்கு உதவுவது பற்றி ஒரு வணிகர் சங்க இதழில் எழுத என்ன இருக்கிறது என்று உறுப்பினர்களில் சிலர் கேட்கக்கூடும். வரி, உரிமம், எடை முத்திரை, கொள்முதல் விலை என்று நமக்குள்ள தலைவலிகள் போதாதா என்றும் நினைக்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் கடைவீதி எங்கே இருக்கிறதோ அங்கேதான் தெருநாயும் இருக்கிறது என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது வாசற்படியில் எழுந்து சோம்பல் முறிப்பது அதுதான். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்து டீக்கடைகளும் ஓட்டல்களும் இறைச்சிக் கடைகளும் அடைபட்டபோது, அந்த நாய்கள் எலும்பும் தோலுமாகத் திரிந்ததை, குறிப்பிட்ட நேரம் மட்டும் கடை திறந்திருந்த மளிகைக்காரர்கள் பார்த்தார்கள். அவை யாரை நம்பி உயிர் வாழ்கின்றன என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இப்போது விஷயம் நம் வாசலுக்கே வந்துவிட்டது. 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தில்லி வட்டாரத்துத் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதைத் திருத்தி, கருத்தடை செய்து தடுப்பூசி போட்ட நாய்களைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விடலாம், வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு என்றது. உணவு போடுவதற்குத் தனி இடங்கள் குறிக்க வேண்டும் என்றும் சொன்னது. பிறகு நவம்பர் 7 அன்று வந்த உத்தரவு, கல்விக்கூடம், மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களிலுள்ள நாய்களைக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும், அங்கேயே திரும்ப விடக் கூடாது என்றது. நம் கடைகளில் பாதி பேருந்து நிலையத்தைச் சுற்றித்தானே இருக்கின்றன! காப்பகத்தில் சேருங்கள் என்று எழுதுவது ஒரு வரிதான். சேர்த்தபின் மறுநாள் காலை உலையில் போட அரிசி யார் தருவது?

கடைவீதியில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. ஒரு கட்சி, எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு போய் எங்காவது விடு என்கிறது. இன்னொரு கட்சி, ஐயோ பாவம் என்று தினமும் இரண்டு பிஸ்கட்டைப் போட்டுவிட்டுப் புண்ணியம் சேர்ந்தது என்று கல்லாவில் உட்கார்ந்துகொள்கிறது. முதல் கட்சிக்காரர் சொல்வதை இதயமற்ற பேச்சு என்று நாம் தள்ளிவிடவில்லை. 2024ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின, 40 பேருக்கு மேல் வெறிநோயால் மாண்டார்கள். சரக்கு கொண்டுபோகும் பையனைத் துரத்துகிறது, குழந்தையோடு வரும் தாய்மார் எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார்கள். வியாபாரிக்கு இது நஷ்டக் கணக்கும் கூட. ஆனால் இரண்டு கட்சிக்கும் ஒரு பொதுக்குறை உண்டு. வேலை நடக்கிற இடம் காப்பகமும் அதோடு சேர்ந்த கருத்தடை மையமும்தான். அந்த இடத்தை இரு கட்சியாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

சென்னையின் கதை இதற்குப் பாடம். 1959ல் விமானியான கேப்டன் சுந்தரம், மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைத் தம் வீட்டுக்கு எடுத்துப்போனதில் தொடங்கியது ப்ளூ கிராஸ். ஒரு வீட்டில் நடந்த வளர்ப்புதான் பின்னால் பெரிய காப்பகமாயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். மாநகராட்சியோ பல்லாண்டுகள் நாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது. கொன்றும் எண்ணிக்கை தீரவில்லை. 1996ல் அந்த வழக்கம் நின்று கருத்தடைத் திட்டம் வந்தது. அப்படியும் 2018 கணக்கில் சுமார் 57,000 என்றிருந்த தெருநாய்கள் 2024 கணக்கில் சுமார் 1.8 லட்சம் ஆயின. அவற்றில் கருத்தடையானவை கால் பங்குக்குச் சற்றே கூடுதல். திட்டம் தோற்றது என்று இதற்குப் பொருள் கொள்வோர் உண்டு. முக்கால் பங்கு சரக்கு கடைக்கே வந்து சேராதபோது வியாபாரம் தோற்றது என்று யாராவது சொல்வார்களா? வேலை போதவில்லை என்பதே நம் கருத்து. கையும் காசும் இல்லாததால் போதவில்லை.

கையும் காசும் சேர்ப்பதற்கு வணிகர்களுக்குப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்து, அந்தப் பணத்தில் கோயிலும் சத்திரமும் பள்ளிக்கூடமும் கட்டிய மரபு நம்முடையது. விருதுநகரில் 1889ல் க்ஷத்திரிய வித்யாசாலை எழுந்தது அந்த மகமையின் பலத்தில்தான். சென்னை அயனாவரத்துப் பிஞ்சராபோல் நூறாண்டுக்கு மேலாகப் பசுக்களைப் பராமரித்து வருவதிலும் வணிகர் கை உண்டு. மகமையின் சிறப்பு தொகையில் இல்லை, அதன் ஒழுங்கில் இருக்கிறது. மழையானாலும் மந்தமானாலும் மூட்டைக்கு இவ்வளவு என்றால் இவ்வளவுதான். காப்பகங்களுக்கு இன்று இல்லாதது இந்த ஒழுங்கே. பிறந்தநாளுக்கு ஒரு நாள் விருந்து வரும், பண்டிகைக்கு ஒரு வண்டி பிஸ்கட் வரும், பிறகு மூன்று வாரம் ஒன்றும் வராது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 100 நாய்கள் உள்ள ஒரு நடுத்தரக் காப்பகம். நாய்க்கு நாளொன்றுக்கு 200 கிராம் அரிசி என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 20 கிலோ, மாதத்துக்கு 600 கிலோ. அதாவது 25 கிலோ சிப்பம் இருபத்து நான்கு. இருபத்து நான்கு கடைகள் மாதம் ஆளுக்கு ஒரு சிப்பம் குருணை கொடுத்தால் அந்தக் காப்பகத்தின் அரிசிக் கவலை தீர்ந்தது. மண்டிக்காரர் ஒருவர் கொள்முதல் விலைக்கே கொடுத்தால் இன்னும் இலகு. வெறும் சோறு போதாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முட்டையோ, கோழிக் கழிவோ, அது கிடைக்காத இடத்தில் பருப்பும் மீல்மேக்கரும் சேர்ந்தால்தான் உடம்பு தேறும்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் பேச வேண்டியிருக்கிறது. தருமம் என்றதும் நம்மில் சிலருக்கு ஞாபகம் வருவது கடையில் விற்காத சரக்கு. புழு வைத்த அரிசி, பூசணம் பிடித்த நிலக்கடலை, தேதி போன பிஸ்கட், சிக்கு வாடை அடிக்கும் எண்ணெய். நாய்தானே, தின்றுவிடும் என்பது எண்ணம். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்ற பழமொழி வாங்குகிறவருக்குச் சொன்னது. கொடுக்கிறவர் பல்லைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். பூசணம் பிடித்த கடலையிலும் மக்காச்சோளத்திலும் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு நாயின் ஈரலை அழிக்கும். வேகவைத்தாலும் அது போகாது. அமெரிக்காவில் 2020 டிசம்பரில் அந்த நஞ்சு கலந்த நாய்த்தீனி சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதைத் தின்று நூறுக்கும் மேற்பட்ட நாய்கள் செத்ததாகத் தகவல் வந்தது. எந்திரமும் பரிசோதனைக் கூடமும் உள்ள தொழிற்சாலையிலேயே அந்தக் கதி என்றால், நம் குடோன் மூலையில் ஈரம் கோத்த மூட்டையைப் பற்றி என்ன சொல்வது?

நல்ல சரக்கிலும் நாய்க்கு ஆகாதவை நம் அலமாரியில் ஏராளம். உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட், அது தடவிய பிஸ்கட், கோகோ தூள் எதுவும் கூடாது. வெங்காயமும் பூண்டும் ரத்தத்தைக் கெடுப்பதால் கல்யாண மண்டபத்துச் சாம்பாரும் பிரியாணியும் மிச்சமாயிற்றே என்று வாளியோடு அனுப்பக் கூடாது. சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் சேர்க்கும் சைலிட்டால் கொஞ்சமே ஆனாலும் ஆபத்து. கருவாட்டில் உப்பு அதிகம். வேகவைத்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். சரக்கைப் பற்றிய இந்த அறிவு வாடிக்கையாளருக்கும் போய்ச் சேர்வது நல்லது. தெருநாய்க்கு என்று அன்போடு கிரீம் பிஸ்கட் வாங்குகிறவரிடம், அம்மா, அதற்குப் பதில் இரண்டு முட்டை வாங்கிக்கொண்டு போங்கள் என்று ஓர் அண்ணாச்சி சொன்னால் கேட்காமலா போவார்?

தின்பண்டம் அல்லாத பொருள்களுக்கும் காப்பகத்தில் தேவை உண்டு. கோணிச் சாக்கு, பழைய செய்தித்தாள், அட்டைப்பெட்டி இவை நமக்குக் கழிவு, அங்கே படுக்கை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அடுக்கடுக்காக வேண்டியிருக்கும். மிளகாய் வற்றல் வந்த சாக்கு மட்டும் வேண்டாம், மூக்கைத் தரையில் வைத்தே உலகத்தை அறியும் பிராணி அது. சுத்தம் செய்ய வாசனை பினாயில் வாங்கிக் கொடுப்பவர்கள் பிளீச்சிங் பவுடர் கொடுத்தால் அதிகப் பயன். குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்னும் வைரஸ் சாதாரண பினாயிலுக்கு மசியாது, மாதக்கணக்கில் தரையில் கிடக்கும்.

பணமாகக் கொடுப்பவர்கள் கணக்கரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. 80ஜி என்று நாம் பல்லாண்டாகச் சொல்லிப் பழகிய கழிவு பழைய முறையில் வரி கட்டுவோருக்கு மட்டுமே உண்டு. அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது, பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது. இலவசமாகக் கொடுத்த சரக்குக்கு ஜி.எஸ்.டி.யில் எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிவிட வேண்டும். குருணைச் சிப்பம் கொடுத்ததற்கு நோட்டீஸ் வந்தது என்று பின்னால் யாரும் சங்க அலுவலகத்துக்கு ஓடி வரக்கூடாது பாருங்கள். காசோலையாகவோ வங்கி மாற்றாகவோ கொடுத்து ரசீது வாங்குங்கள். ரசீது தரத் தயங்கும் இடத்துக்குக் கொடுக்க வேண்டாம். ஒருமுறை நேரில் போய், தண்ணீர்த் தொட்டியையும் கொட்டடியையும் பார்த்துவிட்டுக் கொடுங்கள். சரக்கு பார்க்காமல் நாம் எதையும் வாங்குவதில்லை அல்லவா?

பணமும் பொருளும் தவிர நேரமும் கொடுக்கலாம். மளிகைக்காரனுக்கு ஏது நேரம் என்ற பதில் நமக்குத் தெரியும். ஞாயிறு பிற்பகல் என்று ஒன்று இருக்கிறது. அதுவும், எல்லோரும் நாயைக் குளிப்பாட்டத்தான் வேண்டும் என்பதில்லை. பல காப்பகங்களில் இரக்கம் நிறைய இருக்கிறது, இருப்புக் கணக்கு இல்லை. முதலில் வந்த மூட்டையை முதலில் எடுப்பதும், சுவரை ஒட்டாமல் மரச்சட்டத்தின்மேல் அடுக்குவதும், எலி வராமல் பார்ப்பதும், தீனிக்கு மூன்று இடத்தில் விலை கேட்பதும், மாத முடிவில் சிட்டையைப் பேரேட்டில் ஏற்றுவதும் நமக்குக் கைவந்த வேலைகள். மாதம் இரண்டு மணி நேரம் ஒரு கடைக்காரர் உட்கார்ந்து இதைச் செய்து கொடுத்தால், அதில் மிச்சமாகும் பணம் அவர் தரும் நன்கொடையைவிடக் கூடுதலாக இருக்கும். குட்டியானை வண்டி வைத்திருப்பவர்கள் காலியாகத் திரும்பும் நடையில் தீனி மூட்டையை ஏற்றிப்போகலாம். நாய்களோடு நேரில் பழகப் போகிறவர்கள், கடைப் பையன்களை அனுப்புகிறவர்களும்தான், முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் நாள், 7ஆம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள் என மூன்று ஊசி. அதன் பிறகும் கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசி அங்கே இலவசம். மிளகாய்ப் பொடி வைப்பது, சுண்ணாம்பு தடவுவது எல்லாம் உயிருக்கு உலை வைக்கும் வைத்தியம்.

வளர்ப்புக்குச் சில வாரம் வீட்டில் வைத்திருப்பது மூன்றாவது வழி. தாயை இழந்த குட்டிகள், அறுவை முடிந்து தேற வேண்டியவை, கூட்டத்தில் சாப்பிட அஞ்சும் கிழட்டு நாய்கள் இவற்றுக்குக் காப்பகத்தைவிட ஒரு வீட்டு மூலை நல்லது. தடுப்பூசி முடியாத குட்டி பல நாய்கள் வந்துபோகும் இடத்தில் இருந்தால் பார்வோ வந்து செத்துப்போகும். அதே குட்டி ஒரு வீட்டில் சில வாரம் ஊசி முடியும்வரை இருந்தால் பிழைக்கும். காப்பகத்தின் இடம் ஒன்றும் மிச்சம். மருந்துச் செலவு யாருடையது, திரும்பப் பெறும் தேதி எது என்பதை முதலிலேயே பேசி எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது. ஆனால் குடோனுக்கு இலவசக் காவலாள் கிடைத்தது என்று எண்ணிச் சங்கிலியில் கட்டிப்போட நினைப்பவர் இதில் இறங்க வேண்டாம். குடோனில் நாம் வைக்கும் எலிமருந்தே போதும், வந்த குட்டி மறுநாள் இருக்காது. வீட்டில் வைத்துக்கொள்ள முடிந்தால் மட்டும் வாங்குங்கள்.

இதையெல்லாம்விடக் கடைக்காரர் ஒருவரால் மட்டுமே ஆகக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. தெருவில் ஒரு பெட்டை குட்டி போட்டதும், பிஸ்கட் அட்டைப்பெட்டி ஒன்று கொடுங்கள் அண்ணாச்சி என்று யாராவது வந்து நிற்பார்கள். குட்டிகளை அதில் போட்டு, ராத்திரியில் காப்பக வாசலில் வைத்துவிட்டு வருவதற்கு. பால் மறக்காத குட்டிகள் தாய்ப்பால் இல்லாமல் அங்கே பெரும்பாலும் பிழைப்பதில்லை. தாயோ சில மாதத்தில் மறுபடி சினையாகும், சினை இரண்டு மாதம், மறுபடி ஒரு பெட்டி. அந்தப் பெட்டியைக் கொடுக்காமல் இருப்பது முதல் உதவி. இரண்டாவது, தாய்க்குத் தினமும் ஒரே நேரத்தில், உணவுக்கென்று குறித்த ஒரே இடத்தில் சோறு வைத்து, குட்டிகள் பால் மறந்ததும் மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ தகவல் கொடுத்துக் கருத்தடைக்கு அனுப்புவது. வலையோடு வருகிறவரைக் கண்டால் எந்த நாயும் ஓடிவிடும். சோறு வைக்கிற கை கூப்பிட்டால் வரும். கருத்தடையானதும் காதில் அடையாள வெட்டோடு அதே தெருவுக்குத் திரும்பி வரும், சண்டையும் துரத்தலும் பெரும்பாலும் குறைந்திருக்கும். குட்டிகளுக்கு வீடு தேடுவதும் நமக்கே எளிது. எந்த வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார், எந்த வீட்டுப் பிள்ளை நாய் வேண்டும் என்று அழுகிறது, யார் வீடு மாற்றிக்கொண்டு போகப்போகிறார் என்பதெல்லாம் மாதச் சாமான் சிட்டையிலேயே நமக்குத் தெரிந்துவிடும். கல்லா அருகில் காப்பகக் குட்டியின் படம் ஒன்றை ஒட்டி வைக்க எந்தச் செலவும் இல்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று விலை கொடுத்துத் தேடுகிறவரிடம், தெருவில் பிறந்த நம் நாட்டு நாயையும் ஒருமுறை பாருங்கள் என்று சொல்லலாம். யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் நமக்குத் தெரியும், அதையும் காப்பகத்தாரிடம் தயங்காமல் சொல்லிவிட வேண்டும்.

நம் சங்கத்தின் அளவில் நாம் முன்வைப்பது இவ்வளவே. விரும்பும் கடைகள் மாதம் ஒரு சிப்பம் குருணை அல்லது அதற்கீடான தொகை என்று மகமையாக ஓராண்டுக்கு எழுதிக் கொடுப்பது. மாதத்தின் முதல் ஞாயிறு ஒரே வண்டியில் சேர்த்து அனுப்புவது. அனுப்புமுன் ஒவ்வொரு மூட்டையையும் பிரித்துப் பார்க்க, மண்டி நடத்தும் உறுப்பினர்களில் இருவரைப் பொறுப்பாக்குவது. காப்பகத்தின் இருப்புப் புத்தகத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து இந்த இதழிலேயே வெளியிடுவது. வருகிற மே 5 வணிகர் தினத்துக்கு முன் செயற்குழு இதை எடுத்துப் பேச வேண்டும். நாய் என்றாலே ஆகாது என்கிற உறுப்பினர்களும் அந்தக் கூட்டத்துக்கு அவசியம் வர வேண்டும், அவர்கள் கடை வாசலில் எத்தனை நாய்கள், அவற்றில் எத்தனைக்குக் காதில் வெட்டு இல்லை என்று எண்ணிக்கொண்டு வந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். மகமை எழுத விரும்புவோருக்குச் சங்க அலுவலக மேசையில் ஒரு புது நோட்டு வைத்திருக்கிறோம்.